மேலே தடவிய எண்ணெய்

கஃபர்தேனா
கிரேக்கர் ஆண்டு 946, முதல் திஷ்ரீன் மாதம், ஒலிவ அறுவடை தொடங்கிய வாரம்

தமஸ்குவில் இருக்கும் தம்பி சக்காய்க்கு அக்கா நோன்னா எழுதுவது. உனக்கும் உன் மனைவி பெலாகியாவுக்கும் ஆண்டவருடைய சமாதானம். நானும் அம்மாவும் மூச்சோடு இருக்கிறோம், அந்த அளவில் நலம். உங்கள் சுகத்துக்கு எழுது.

மூன்று வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. ஏன் என்று நீ கேட்கவும் இல்லை. பேரரசரின் சபையைச் சேர்ந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அவர்கள் கோயிலில் பூசை அப்பம் வாங்கிச் சாப்பிட்டாய் என்று செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசையில் வாசிக்கும் பெயர்ப்பலகையிலிருந்து உன் பெயரை யவ்னான் சாமி கத்தியால் சுரண்டி எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அன்றிலிருந்து பூசையில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து நம் குடும்பத்தை எட்டும்போது, உன் பெயர் வரவேண்டிய இடத்தில் அம்மா இருமுவாள். ஒவ்வொரு ஞாயிறும் சரியாக அந்த இடத்தில். சாமியாரும் அந்த இருமல் முடியும்வரை நிறுத்தித்தான் அடுத்த பெயருக்குப் போவார்.

இப்போது இரும இடமில்லை. போன மாதம் பேரரசரின் அதிகாரி ஒருவன் பத்துச் சிப்பாய்களோடு வந்து கோயிலைப் பூட்டிவிட்டான். கிறிஸ்துவுக்குக் கடவுள், மனிதன் என்று இரண்டு இயல்பு, நாம் சொல்வதுபோல் ஒன்றல்ல என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சாவி கிடைக்குமாம். யவ்னான் சாமி மலைக்குகைக்கு ஓடிவிட்டார். பாரசீகன் இத்தனை வருஷம் ஆண்டான், அவன்கூட நம் கோயிலில் கை வைக்கவில்லை. இயல்பு ஒன்றா இரண்டா என்று நம் பாட்டன்மார் தொடங்கிய வழக்கு முடிவதற்குள் அம்மாவுக்கு முடிந்துவிடும் போலிருக்கிறது.

ஆமாம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு வயிறு வீங்கிக்கொண்டே போகிறது. கால் தரையில் பாவவில்லை. அவள் கழுத்தில் தொங்கும் பித்தளைப் பெட்டியில் நம் கோயில் அப்பம் ஆறு துண்டுதான் மிச்சம். கடைசி மூச்சுக்கு முன் வாயில் நம் அப்பம் இல்லாமல் போய்விடுமோ என்பது ஒன்றுதான் அவளுடைய பயம். சாவுக்கு அவள் பயப்படவில்லை.

தமஸ்குவில் கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் நம் ஆட்களுக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறதாம், பர்சௌமா என்ற குருவானவர் இருக்கிறாராம். அவரிடம் போய்க் கேள். இரண்டு இயல்பு என்னும் சங்கத்தாரின் கோயிலில் மண்டியிட்டவனை அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்.

உனக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "அவனுக்குக் குளிர் ஒத்துக்காது. கம்பளி போட்டுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
நோன்னா

*

தமஸ்கு
இரண்டாம் திஷ்ரீன், முதல் மழைக்குப் பிறகு

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சக்காய் விழுந்து வணங்கி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல். சொல்ல முடியாவிட்டால், அவள் தூங்கும்போது நீயே என் பெயரால் தொட்டுவிடு.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் மாமனார் கண்ணுக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று எண்ணி ரோஜா நீர் கொண்டுவந்தார். நல்ல மனிதர். நம் ஊரில் நினைப்பதுபோல இவர்களுக்கு வாலும் கொம்பும் இல்லை. அவருக்கும் நம்மைப் பற்றி அப்படித்தான் நினைப்பு இருந்தது. "உங்க ஊர்ல சிலுவை போட்டுக்கத் தெரியுமா?" என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டார்.

சேணம் தைத்துத் தைத்து விரலெல்லாம் புண். படைக்கு எத்தனை கொடுத்தாலும் போதவில்லை. தெற்கே பொஸ்த்ரா அரபுகளிடம் விழுந்துவிட்டது, கேள்விப்பட்டிருப்பாய். எனக்கு வழக்கமாகத் தோல் கொண்டுவரும் நுமைர் என்ற அரபு வியாபாரி இந்த முறை தோலோடு வேறு செய்தியும் கொண்டுவந்தான். அவர்கள் நடுவே ஒரு நபி தோன்றி, சிலைகளை விட்டு ஒரே கடவுளை வணங்கச் சொன்னாராம். அவர் மறைந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். முன்பெல்லாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த குலங்கள் இப்போது ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுகின்றனவாம்.

"ஒரே வரிசையிலயா? சண்டை வராதா?" என்றேன்.

"உங்க கோயில்ல வருமா?" என்று கேட்டான். தோலுக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டேன்.

பர்சௌமா சாமியை இந்த வாரமே போய்ப் பார்க்கிறேன். அம்மாவிடம் கவலை வேண்டாம் என்று சொல். கம்பளி போட்டுக்கொண்டேன்.

உன் தம்பி,
சக்காய்

*

கஃபர்தேனா
முதல் கானூன், பனி விழுந்த மூன்றாம் நாள்

தம்பி சக்காய்க்கு அக்காவின் ஆசி. உனக்கும் பெலாகியாவுக்கும் சமாதானம். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவுக்குக் குறைவே சுகமாகிவிட்டது.

ஒரு மாதம் ஆயிற்று. "இந்த வாரமே" என்று எழுதினாய். தமஸ்குவில் வாரத்துக்கு எத்தனை நாள்?

கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். அம்மா துண்டைத் துண்டாக்கி, அதையும் தூளாக்கி, நாள்தோறும் ஒரு கடுகளவு நாக்கில் வைத்துக்கொள்கிறாள். இனி ஒரே ஒரு துண்டுதான்.

போன புதன்கிழமை, பூட்டிய கோயிலின் சாவியைக் கையில் வைத்திருக்கும் சங்கத்தார் சாமியார் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். இளவயது, நல்ல முகம். பனியில் செருப்பு நனைந்து வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, நோயாளின்னு கேள்விப்பட்டேன். நான் எதுலயும் கையெழுத்துக் கேக்கல. அப்பம் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "எடுத்துட்டுப் போங்க சாமி! உங்க அப்பத்துல உப்பும் இல்ல, எண்ணெயும் இல்ல. என் வீட்டுக்காரரு முப்பது வருஷம் கோயில் மாவு பிசைஞ்சவரு. உப்புப் போட்டு, எண்ணெய் ஊத்தி, சங்கீதம் பாடிக்கிட்டே பிசைவாரு. உங்களுது செத்தவன் வாயில போடுற மண்ணு" என்றாள்.

அவர் போய்விட்டார். வேலி வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கத்திய கத்தலில் அம்மா இரண்டு நாள் கண் திறக்கவில்லை. நாக்கும் செத்துவிட்டது. தேன் கொடுத்தாலும் கசக்கிறது என்கிறாள், கஞ்சியில் உப்பு இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாள். ஆனால் பெட்டியை மட்டும் கைவிடவில்லை. தூக்கத்திலும் மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்து மூடுகிறாள்.

உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை, சக்காய். வீட்டைவிட்டுப் போகாதே என்று கேட்கவில்லை, அவளைக் கட்டாதே என்று கேட்கவில்லை. இதை மட்டும் கேட்கிறேன். அப்பம் அனுப்பு.

அக்கா

*

தமஸ்கு
இரண்டாம் கானூன், ஞானஸ்நானத் திருநாளுக்குப் பின் நான்காம் ஞாயிறு

அக்காவுக்கு. நலம். நலமாயிருங்கள்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் உலர்திராட்சை வியாபாரியிடம் மூடி முத்திரையிட்ட மரச்சிமிழ் ஒன்று கொடுத்திருக்கிறேன். உள்ளே வெள்ளைத் துணியில் நான்கு துண்டு. அம்மாவிடம் கொடு.

பர்சௌமா சாமி நலமாக இருக்கிறார். நல்ல குரல். கோயில் சின்னதுதான்.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. அம்மாவுக்கு நாக்கில் ருசி திரும்பியதா என்று எழுது.

சக்காய்

*

கஃபர்தேனா
ஷ்பாத் மாதம், பெருநோன்புக்கு முந்தின வாரம்

தம்பிக்கு, அக்கா நோன்னா. உனக்கும் உன் வீட்டுக்கும் சமாதானம். இங்கே வீட்டில் நலம்.

சிமிழ் வந்தது. முத்திரை உடையவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன், சாப்பிட்டாள், நிம்மதியாக இருந்தாள். நீ செய்தது பெரிய காரியம்.

உயிர்ப்புப் பெருநாளுக்கு நீ வர வேண்டும். இது என் ஆசை மட்டும் இல்லை. எப்படியாவது வா. பெலாகியாவையும் அழைத்துக்கொண்டு வா. ஊரில் யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாதுமை பூத்துவிட்டது. நீ ஏறி விழுந்து கை உடைத்துக்கொண்டாயே, அந்த மரமும்.

அக்கா

*

தமஸ்கு
ஆதார் மாதம், நோன்பின் மூன்றாம் வாரம்

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். நாங்கள் நலம். அம்மாவும் நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

வர முடியாது அக்கா. தெற்கு வாசலை நேற்றே கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மற்ற வாசல்களும் நாளையோ மறுநாளோ. அரபுப் படை ஒரு நாள் தூரத்தில் இருக்கிறது. சேணம் தைப்பவன் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று படைத்தலைவன் ஆணை. இந்தக் கடிதமே கடைசியாக வெளியேறும் கோவேறுக் கழுதைகளோடு போகிறது.

ஊர் முழுக்கப் பிரார்த்தனைதான். பெரிய கோயிலில் எங்கள் ஆட்கள் மதிலைக் காக்கும்படி வேண்டுகிறார்கள். கிழக்கு வாசல் கோயிலில் நம் ஆட்களும் அதையே வேண்டுகிறார்கள். எங்கள், நம் என்று எழுதியதை இப்போதுதான் கவனித்தேன். நான் யார் பக்கம் என்று எனக்கே குழப்பம்.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தைப் பத்து முறையாவது படித்திருப்பேன். முந்தின கடிதங்களில் அம்மா திட்டினாள், கம்பளி போடச் சொன்னாள், சாமியாரை விரட்டினாள். இதில் சாப்பிட்டாள் என்று மட்டும் இருக்கிறது. அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா? அப்பத்தைப் பற்றி ஏதாவது சொன்னாளா? எதுவானாலும் எழுது. திட்டினாலும் எழுது.

சக்காய்

*

கஃபர்தேனா
நீசான் மாதம், உயிர்ப்புப் பெருநாள் கழிந்த மறுநாள்

தம்பிக்கு. வீட்டில் நலம்.

நேற்று நீ வருவாய் என்று ஆட்டுக்கால் வாங்கி வைத்திருந்தேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாய். அம்மா இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை, சொல்வதில்லை. நீ உன்னைப் பார்த்துக்கொள்.

நோன்னா

அதே தாளில், ஹஸீரான் மாதம்

மேலே எழுதியதைக் கொண்டுபோனவன் தமஸ்குவின் மதிலைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். சுற்றிலும் கூடாரமாம், ஈ நுழைய வழியில்லையாம். நீ இதை வாசிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் எழுதும் துணிவு வருகிறது.

அம்மா இல்லை, சக்காய். சிமிழ் வந்த ஐந்தாம் நாள் விடியலில் போய்விட்டாள். பனி உருகிக்கொண்டிருந்தது. சாமியார் இல்லை, கோயில் இல்லை. நானும் எதிர்வீட்டு ஹல்ஃபாவும் சங்கீதம் பாடி, அப்பா பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். பித்தளைப் பெட்டி கழுத்தோடு போயிற்று.

"நான் செத்துட்டேன்னு அவனுக்கு எழுதாத. எழுதினா அவனுக்கு இங்க வர என்ன இருக்கு? நான் இருக்கேன்னு நெனச்சாத்தான் ஒரு நாள் வருவான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் போன முறை அப்படி எழுதினேன். அம்மாவின் பேச்சை இட்டுக்கட்டி எழுத எனக்குக் கை வரவில்லை, அதையும் நீ கண்டுபிடித்துவிட்டாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை இந்தத் தாளில்கூட எழுத முடியவில்லை. எண்ணெய்ச் சாடிக்கு அடியில் இதை வைத்துவிடுகிறேன். நீ உயிரோடு இருக்கிறாயா?

*

தமஸ்கு
எலூல் மாதம், திராட்சை ஆலை ஓடும் நாட்கள்

அன்புள்ள அக்காவுக்கும், என்னைப் பெற்ற அம்மாவுக்கும், சக்காய் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். பெலாகியாவும் இருக்கிறாள். மாமனார் ஆப் மாத வெயிலில் வயிற்றுப்போக்கில் போய்விட்டார். கடைசியில் சேணத்துத் தோலை ஊறவைத்து வேகவைத்துத் தின்றோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஆறு மாதமாகத் தெரியாது.

நகரம் பணிந்துவிட்டது. உயிருக்கும் வீட்டுக்கும் கோயிலுக்கும் அபயம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு வரி. அதற்குப் பெயர் எழுத வேண்டும் என்று எல்லாரையும் கிழக்கு வாசலுக்கு வரச் சொன்னார்கள். அங்கே நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. ஆறு மாதத்தில் அன்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பெயர் எழுதும் அரபுக்கு நம் பேச்சு தெரியாது. மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவன் யார் தெரியுமா, தோல் வியாபாரி நுமைர். சொல்லிவைத்தாற்போல நம் ஆட்கள் ஒரு வரிசையாகவும் சங்கத்தார் ஒரு வரிசையாகவும் நின்றுவிட்டார்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடைவெளி. நான் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் அந்த இடைவெளியில் நின்றேன்.

"ஏன் ரெண்டு வரிசை?" என்றான் நுமைர்.

"அவங்க வேற, நாங்க வேற" என்று இரண்டு பக்கமும் சேர்ந்தே சொன்னார்கள்.

"நீங்க கிறிஸ்தவங்க இல்லியா?"

"நாங்கதான் கிறிஸ்தவங்க!" அதையும் சேர்ந்தே சொன்னார்கள்.

பட்டினியில் எலும்பும் தோலுமாய் நின்ற மனிதர்கள் அவனுக்கு இயல்பு ஒன்று என்றும் இரண்டு என்றும் விளக்கத் தொடங்கினார்கள். பெரிய கோயில் பாடகர் தடியை ஓங்கிவிட்டார். நுமைர் பொறுமையாகக் கேட்டு எழுதுபவனிடம் சொன்னான். எழுதுபவன் இரண்டே வார்த்தையில் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வேதக்காரங்க, ஒரே வரின்னு சொல்றாரு. சீக்கிரம் ஒரே வரிசையா வாங்க, வெயில் ஏறுது."

நூற்றெண்பது வருஷத்துச் சண்டை, அக்கா. ஒரே வரிசையாய் வரச் சொல்லி முடித்துவிட்டான். எனக்கு முன்னால் மாமனார் தெருக்காரர், எனக்குப் பின்னால் பர்சௌமா சாமி. எல்லார் பெயரும் ஒரே தோலில், ஒரே மையில், அடுத்தடுத்து.

வரிசையில் நிற்கும்போது பர்சௌமா சாமி என் தோளைத் தொட்டார். "அப்பம் கேட்டு வந்தவன்தானே நீ? உங்கம்மாவுக்குக் கடைசியில கிடைச்சுதா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உனக்குச் சொல்கிறேன். அவர் எனக்கு அப்பம் தரவில்லை. மூன்று முறை போனேன். "சங்கத்தார் கையால சாப்பிட்ட வாய் உனக்கு. மூணு வருஷம் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேளு, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மூன்று வருஷம் ஏது? பெரிய கோயிலில் என் கையில் வைத்த அப்பத்தைத்தான், சாப்பிடுவதுபோல வாயருகே கொண்டுபோய்க் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். நான்கு ஞாயிறு, நான்கு துண்டு. அந்த நான்கு ஞாயிறும் நான் எந்தப் பக்கத்து அப்பமும் சாப்பிடவில்லை.

அது மட்டும் இல்லை. நம் அப்பத்தில் எண்ணெய் இருக்குமே என்ற பயத்தில், பெலாகியாவிடம் ஒலிவ எண்ணெய் வாங்கி விரலால் நான்கு துண்டின் மேலும் தடவினேன். தூய பொருளில் பொய்யைத் தடவினேன். அம்மாவின் நாக்கு செத்துவிட்டது என்று நீ எழுதியிருந்தாய், அதை நம்பித்தான் அனுப்பினேன். என்னைப் பெற்றவள் செத்தாலும் வேண்டாம் என்று விலக்கியதை அவள் வாயில் நானே போட்டேன். முற்றுகை முழுக்க, இதற்காகத்தான் இந்த ஊரே பட்டினி கிடக்கிறதோ என்றுகூடத் தோன்றியது.

என் குனிந்த தலையைப் பார்த்துப் பர்சௌமா சாமிக்கு என்ன புரிந்ததோ, தன் அங்கிக்குள் கைவிட்டுச் சின்ன முடிச்சு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து மூடினார். "அன்னிக்கே குடுத்திருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையான நம் அப்பம், எண்ணெய் ஊற்றிப் பிசைந்தது. பாதை திறந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இதைக் கொடுத்துவிட்டு, அவள் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அதுவரை அவளிடம் நீ எதுவும் சொல்லாதே.

சக்காய்

*

கஃபர்தேனா
947, முதல் கானூன், பனி தொடங்கிவிட்டது

என் தம்பி சக்காய்க்கு அக்கா நோன்னா எழுதுவது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஹல்ஃபாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், தெருவில் போனவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் மாமனாருக்கு ஆண்டவர் இளைப்பாறுதல் தரட்டும். பெலாகியாவிடம் நான் கேட்டதாகச் சொல். நான் நலம். நான் மட்டும்.

இதோடு பழைய தாள் ஒன்றையும் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? அழுது முடி. பிறகு மிச்சத்தைச் சொல்கிறேன்.

சிமிழைத் திறந்து முதல் துண்டை நான்தான் அம்மாவின் வாயில் வைத்தேன். அவள் கண்ணை மூடி மென்றாள். பாதியில் மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தேன் கசந்த நாக்குத்தான், கஞ்சிக்கு உப்புத் தெரியாத நாக்குத்தான்.

"நோன்னா, எண்ணெய் மேலதான் இருக்கு. உள்ள இல்ல" என்றாள்.

துப்பிவிடுவாள் என்று கையை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அப்பா பிசையும்போதே ஊத்துவாரு. இது யாரோ விரலால தடவினது. விரல் பட்ட தடம்கூடத் தெரியுது பாரு." பிறகு சிரித்தாள். வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள். "என் புள்ளைக்குப் பொய் சொல்லவும் ஒழுங்கா வரல. வாசல்ல வந்து நின்னானே அந்தச் சாமிப் பையன், அவன் குடுத்ததும் இதுதானே? இதுக்காடி அவன அந்தப் பனியில தொரத்தினேன்?"

அவள் மென்று விழுங்கினாள், சக்காய். ஒரு துணுக்குக்கூட வெளியே விழவில்லை. நான்கு நாள், நாளுக்கு ஒன்று. கடைசித் துண்டைத் தின்றுவிட்டு விரலில் ஒட்டிய எண்ணெயையும் நக்கினாள். "அவன் விரல் பட்டது" என்றாள். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுத வேண்டாம் என்று சத்தியம் வாங்கினாள்.

எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. நீ பொய் சொன்னதற்கு இல்லை. அந்தப் பொய்யைத் தின்று அவள் அவ்வளவு சந்தோஷமாகச் செத்ததற்கு. மாதக்கணக்கில் நான் கால் பிடித்தேன், மலம் எடுத்தேன். எனக்கு அவள் அந்தச் சிரிப்பைச் சிரித்ததில்லை. இதைத்தான் அந்தத் தாளில் எழுத முடியவில்லை.

இங்கே பேரரசரின் சிப்பாய்கள் வடக்கே ஓடிவிட்டார்கள். அரபுகள் ஹெம்ஸ் நகரத்துப் பக்கம் வந்துவிட்டார்கள், நம் கிராமத்துக்கு ஒரே ஒருவன் வந்து தலையை எண்ணிக்கொண்டு போனான். கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவன் கேட்கவே இல்லை. அந்த இளம் சாமியார் தானே வந்து சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, சிப்பாய்கள் போன வழியிலேயே போய்விட்டார். செருப்புக்குள் வைத்துக்கொள்ள வைக்கோல் கொடுத்தேன். அம்மா கொடுக்கச் சொல்லியிருப்பாள்.

யவ்னான் சாமி மலையிலிருந்து இறங்கிவிட்டார். இளைத்திருக்கிறாரே தவிர மாறவில்லை. முதல் வேலையாகப் பலகையை எடுத்து, இறந்தவர்கள் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதப்போனார். எழுதுகோலைத் தூக்கியபடியே கேட்டார்.

"கடைசியில அப்பம் வாங்கினாளா?"

"வாங்கினாங்க சாமி."

"யாரோடது?"

"தமஸ்குவுலேருந்து வந்தது. பர்சௌமா சாமி குடுத்தது."

எழுதினார். நானும் பொய் சொல்லிவிட்டேன். எனக்கு ஒழுங்காக வந்தது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நீ வந்து யவ்னான் சாமியிடம் உண்மையைச் சொன்னால், அதே கத்தியை எடுப்பார். உன் பெயருக்கு வந்த கதி அவள் பெயருக்கும் வரும். உன் மனபாரம் குறைவதற்காக அவள் பெயரை நான் கொடுக்க மாட்டேன். பாரத்தை நீ சுமந்துகொள், பாதியை நான் சுமக்கிறேன். பர்சௌமா சாமியிடமும் கேட்டுக்கொள், நம் சாமிக்கு அவர் எதுவும் எழுத வேண்டாம். தர மறுத்தவர், மௌனமாகவாவது இருக்கட்டும்.

பாதை திறந்ததும் வா. பூசைக்கு உள்ளே உன்னை விட மாட்டார்கள். முற்றத்தில், கிணற்றுப் பக்கச் சன்னலுக்குக் கீழே நில். பெயர் வாசிப்பது அங்கே தெளிவாகக் கேட்கும். முதலில் உயிரோடு இருப்பவர்களை வாசிப்பார்கள். நம் குடும்பம் வந்ததும் யாரோ இருமுவது கேட்கும். அது நான்தான். அம்மா போனபின் அந்த இடம் வெறுமையாகிவிடக் கூடாது என்று நான் இருமுகிறேன். அதற்குப் பிறகு இறந்தவர்கள். அம்மாவின் பெயர் அப்பாவுக்கு அடுத்தது.

பர்சௌமா சாமி கொடுத்த முடிச்சை யாருக்குக் கொண்டுவருகிறாய்? அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி மண்ணுக்குள் இருக்கிறது. வழியில் நீயே சாப்பிட்டுவிடு. சாப்பிடக் கூடாது என்று யாராவது சொன்னால், அக்கா சொன்னாள் என்று சொல்.

வரும்போது வேறு எதையும் கொண்டுவராதே. வீட்டில் உனக்கும் பெலாகியாவுக்கும் ரொட்டி சுட்டு வைக்கிறேன். அதில் எண்ணெய் சேர்த்தேனா இல்லையா என்று நீ கேட்கக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்.

பனி அதிகம். கம்பளி போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா,
நோன்னா